விலை பேசாத அவரைக்காய்

அப்பாவின் வலது கை மடியில் கிடந்தது. 'கையை வைத்திருந்தார்' என்று எழுத எனக்கு வரவில்லை. கிடந்தது என்பதுதான் சரியான சொல். 2021 ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு 69 வயது. நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை அது. ஒரு டம்ளரைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடத்தான் தெரியாது. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து டம்ளரை வாங்க வேண்டும்.

அந்தப் பதினோரு நாளும் அவர் படுத்திருந்த அறையின் ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருந்தது. விடிந்தால் சுவர் வெளுக்கும், இருட்டினால் கறுக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்த 23 பேரையும் செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரையும் ஒப்பிட்டிருக்கிறார். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள், வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது. படித்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம். வாழ்நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்த மனிதரைச் சுவரைப் பார்க்க விட்டுவிட்டோமே என்று.

வீட்டுக்கு வந்த பிறகும் சுவர்தான். தொலைக்காட்சி ஓடும், ஆனால் அவர் பார்வை அதற்கு மேலே இருக்கும் வெற்றுச் சுவரில் நிற்கும். பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்கி விடணுங்கய்யா" என்றாள். அவள் இருக்கும்வரை அமுக்குவார். அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் நான் பந்தை எடுத்துக் கையில் வைத்தபோது அப்பா சொன்னார்: "எதுக்கு அம்மிணி? இனி இந்தக் கை என்னத்துக்கு ஆவுது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி நியாயமானதாக இருந்தது. பந்தை நூறு தடவை அமுக்கினால் என்ன கிடைக்கும்? நாளைக்கு நூற்றியோராவது தடவை.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். நாலரை ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம், நடுவே ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. தக்காளி, சின்ன வெங்காயம், கடைசிக் காலத்தில் முருங்கை. 2019இல் அம்மா போன பிறகு அப்பா தனியாகவே அங்கே இருந்தார். கீழே விழுந்த அன்று மோட்டார் போடப் போயிருக்கிறார். பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாடித்தோட்டம் அவருக்காக ஆரம்பித்தது என்று சொன்னால் அது பொய். 2022 தை மாதம் எனக்காகத்தான் ஆரம்பித்தேன். அலுவலகம், பையனின் படிப்பு, அப்பாவின் மாத்திரை வேளைகள் என்று தலை சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் யாரும் கூப்பிடாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. பன்னிரண்டு பைகள் வாங்கினேன். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தளம் ஊறிப்போகாமல் இருக்கப் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று. எல்லாம் முறைப்படி.

இருபது நாளில் பாதி செத்துவிட்டது. இலை ஓரம் கருகி, நாற்று அப்படியே நின்ற இடத்தில் சுருண்டது. சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. வாய் கொஞ்சம் குழறியது, ஆனால் கேள்வி தெளிவு.

"மண்ணு என்ன மண்ணு?"

மாசக் கணக்கில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

பதினேழு படி. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் நான். பாதியில் ஒருமுறை உட்கார்ந்து, மேலே போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆனது. செத்த நாற்று இருந்த பையில் இடது கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். முகம் சுளித்தது. "இதென்ன கண்ணு, பஞ்சாட்ட இருக்குது? உப்புக் கரிக்குது பாரு." நாக்கு நுனியில் வைத்தே பார்த்துவிட்டார். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அடுத்து, பைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி குடிச்சே பாதி செத்துருக்குது" என்றார். நான் அன்பு காட்டுவதாக நினைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஊற்றியிருந்தேன்.

அன்றைக்கு இறங்கி வந்து படுத்தவர் நன்றாகத் தூங்கினார்.

முதலில் விதைத்தது கீரை. அரைக்கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனால் நாலு பங்கு மணலோடு கலந்து, கைப்பிடியில் எடுத்து, விரல் இடுக்கு வழியாக மெல்ல விட வேண்டும். அப்பா இடது கையால் தூவப் போனார். சரியாக விழவில்லை. அவர் ஆயுள் முழுக்க வலது கையால் விதைத்தவர். எதுவும் சொல்லாமல் மணலை வலது கைக்கு மாற்றினார். விரல்கள் இறுகி மூடிக்கொண்டன. திறக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இடது கையால் வலது மணிக்கட்டை மெதுவாக ஆட்டினார். சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் மணல் சிந்தியது. இன்னும் கொஞ்சம். ஒரு முழ அகலப் பாத்தித் தொட்டியை விதைத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. நான் உதவப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, ஆனால் போகாதது நல்லதாயிற்று.

நாலாம் நாள் முளைத்தது. ஒரு பக்கம் அடர்த்தியாகவும் இன்னொரு பக்கம் வெட்டையாகவும் கோணல்மாணலாக. அடர்ந்த பக்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்றார். கலைப்பது என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒவ்வொரு நாற்றாகக் கிள்ளி எடுப்பது. அந்த இரண்டு விரலையும் சேர்க்க வைக்கத்தான் பிசியோதெரபிப் பெண் இரண்டு மாசமாகப் போராடிக்கொண்டிருந்தாள். அவளை மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இனிமே பந்து வேண்டாம், இதையே செய்யட்டும்" என்றாள். மூளை இழந்த அசைவை மறுபடி கற்றுக்கொள்ளத் திரும்பத் திரும்பச் செய்வது முக்கியமாம், அதிலும் கைக்கு ஒரு நோக்கம் உள்ள வேலையாக இருப்பது இன்னும் முக்கியமாம். பிறகு அவளே மாடிக்குத் தகுந்த மாதிரி பயிற்சிகளை மாற்றினாள். அரை லிட்டர்க் குவளையில் வலது கையால் தண்ணீர் ஊற்றுவது. மணத்தக்காளிப் பழத்தை நசுங்காமல் பறிப்பது. தட்டைப்பயற்றை உரிப்பது. கொத்தவரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். அதனால் 'இன்னைக்கு வேண்டாம்' என்று தள்ளிப்போட வழியில்லை. பந்துக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது.

இருபத்தைந்து நாளில் கீரை அறுத்தோம். ஒரு கடைசல் வந்தது. அப்பா தட்டில் போட்டுக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்து, "கிலோ இப்ப என்ன வெல போவுது?" என்றார்.

இந்த விலைக் கேள்வியைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மண்ணைத் தொட்டால் மனசு ஆறும், விவசாயத்துக்குத் திரும்பினால் நிம்மதி என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் விவசாயி வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மண் யாருடைய மனசையும் ஆற்றியதாக எனக்கு ஞாபகமில்லை. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு வருஷம் தக்காளி விலை விழுந்தது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத விலை. சந்தை வரைக்கும் போன பெட்டிகளை அப்பா திருப்பிக் கொண்டுவந்து சாலையோரத்தில் கவிழ்த்தார். மாடுகள் வந்து தின்றன. அவர் பம்புசெட் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பினாள். போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டுக் கூப்பிடாமலே திரும்பி வந்தேன்.

அவருக்குச் செடி என்பது கடன். பூ என்பது தவணை. மழை என்பது பயம். நாற்பது வருஷமும் அப்படித்தான். மாடிக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. பை என்ன விலை, உரம் என்ன விலை என்று கேட்டு, மனசுக்குள்ளேயே கூட்டி, "கட்டுபடியாவாது அம்மிணி" என்பார். முதல் தக்காளி பழுத்தபோது பதினாலு காய் என்று எண்ணினார், முகத்தில் சந்தோஷம் இல்லை. பூச்சி வந்தால் அன்றிரவு தூக்கம் போய்விடும். கத்தரியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியபோது, மருந்துக் கடைக்குப் போய் இன்னது வாங்கி வா என்று ஒரு பூச்சிக்கொல்லியின் பெயரைச் சொன்னார். "பையன் சாப்பிடற கத்தரிப்பா இது" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் அடிச்சதைத் தின்னவன் எல்லாம் யாரு?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்வி தன் காதிலேயே விழுந்தவர் போல அப்படியே அமைதியாகிவிட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் மேற்கொண்டு பேசவில்லை. நான் பழைய பல்துலக்கும் தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். மூன்றாம் இலையில் அவரும் வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நெல்சன் மண்டேலாவின் மாடித்தோட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். மண்டேலா தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் விஷயம் இது. ராபன் தீவில் பதினெட்டு வருஷம் வைத்திருந்துவிட்டு 1982இல் அவரைக் கேப்டவுனில் இருக்கும் பால்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். சுற்றிலும் கான்கிரீட். மொட்டைமாடியில் உலாவ விடுவார்கள், அங்கிருந்து பெரும்பாலும் வானம்தான் தெரியும். அவர் தோட்டம் போட அனுமதி கேட்டு வாங்கினார். பதினாறு எண்ணெய் டிரம்களைப் பாதியாக அறுத்து முப்பத்திரண்டு தொட்டிகள். வெங்காயம், கத்தரி, முட்டைக்கோஸ், பீன்ஸ், கேரட், தக்காளி. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 900 செடிகள் இருந்தன. காலையில் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வேலை செய்வாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற கைதிகளுக்குச் சமைக்கக் காய் கொடுப்பார். காவலர்கள் பைகளைக் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். சிறையில் தன் கட்டுப்பாட்டில் இருந்த சில விஷயங்களில் தோட்டமும் ஒன்று என்கிறார்.

அப்பா கவனமாகக் கேட்டார். ஒரு விவசாயி கேட்கும் கேள்விகளைக் கேட்டார். தண்ணீர் மேலே எப்படி ஏறியது? டிரம்முக்கு அடியில் ஓட்டை போட்டார்களா? கடைசியாக, "எத்தனை வருசம் உள்ள இருந்தாரு?" என்றார். மொத்தம் இருபத்தேழு என்றேன்.

"வெளைஞ்சதை விக்கலையா?"

"இல்லப்பா. யாருக்கு விக்கறது?"

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "நம்ம தண்ணி டிரம்மு ஒண்ணு ஓட்டையாக் கெடக்குதே, அதை அறுத்துக் குடு" என்றார்.

அந்த நீல டிரம்மின் ஒரு பாதியில்தான் அவரைக்கொடி வந்தது. அதைப் போட வேண்டும் என்று கேட்டது அவர்தான். எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் அவரை என்றைக்குமே அவருடைய பயிராக இருந்ததில்லை. அது அம்மாவுடையது. வேலியோரம் அவரை, சாளைக் கூரை மேல் சுரை, மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பீர்க்கு. விதையைச் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் வைத்திருப்பாள், சுரை விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அப்பியிருப்பாள். நாலரை ஏக்கரில் சந்தைக்குப் போகாதது அவை மட்டும்தான். உறவுக்காரர்கள் வந்தால் முந்தானையில் கட்டிக்கொடுப்பாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கூட நான் பார்த்ததில்லை. தக்காளி பொய்த்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த வேலி அவரையால் என்பது எனக்கே இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஊரில் சித்தியிடம் சொல்லி விதை வாங்கினோம். அம்மா கொடுத்த கொடியிலிருந்து வந்த விதைதான் என்றாள் சித்தி. ஆடியில் ஊன்றினோம். ஆவணியில் கொடி பந்தலைத் தொட்டது. புரட்டாசியில் பந்தல் முழுக்கப் பச்சை, ஒரு பூ கிடையாது. ஐப்பசியிலும் கிடையாது. எனக்குப் பொறுமை போய்விட்டது. பிடுங்கிவிட்டு வெண்டை போடலாமா என்றேன். வெண்டை என்றால் நாற்பத்தைந்து நாளில் காய்.

"பனி உழுவட்டும்" என்றார். அவ்வளவுதான்.

நாட்டு அவரை அப்படிப்பட்டது. பகல் சுருங்கி, இரவு நீண்டு, குளிர் இறங்கினால்தான் பூக்கும். நீங்கள் உரத்தைக் கொட்டினாலும் மன்றாடினாலும் அதற்கு முன் பூக்காது. அந்த மாசங்களில் அப்பாவை நான் உற்றுக் கவனித்தேன். தினமும் மாலை மேலே போவார், கொடியைப் பந்தலில் திருப்பிவிடுவார், தளர்ந்த கயிற்றை இறுக்குவார். எத்தனை காய் வரும் என்று கணக்குப் போடவில்லை. விலை கேட்கவில்லை. கேட்காமல் போனது எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியாது. நிற்காமல் ஓடிய ஒரு மோட்டார் எப்போதோ நின்றுவிட்டதைப் பிறகு கவனித்தது போலத்தான் அது இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் பூத்தது. வெள்ளைப் பூ. கூடவே அசுவினிப் பூச்சி, கொத்துக் கொத்தாகக் கறுப்பாய். நான் பதறினேன். அப்பா பதறவில்லை. பக்கத்துத் தெருவில் விறகடுப்பு வைத்திருக்கும் இட்லிக்கடைக்குப் பையனை அனுப்பி ஒரு படி சாம்பல் வாங்கி வரச் சொன்னார். விடியற்காலை, இலையில் பனி ஈரம் காயும் முன், வலது கையில் சாம்பலை அள்ளினார். விரலைத் திறந்து தூவினார். அந்தக் கை அன்றைக்குத் தானாகத் திறந்தது என்பதை அவர் கவனிக்கவே இல்லை. கொடியைப் பார்த்தபடி சொன்னார்: "உங்கம்மா இதைத்தான் பண்ணீட்டு இருந்தா. நான் என்னமோ பொம்பளை வெளையாடறான்னு நெனச்சேன்."

அம்மா போய் மூன்று வருஷத்தில் அவளைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அன்றுதான். காரியத்தன்றுகூட அழாதவர். சாம்பல் கையோடு பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

எனக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. சொந்தமாகக் குத்தகைத் தோட்டம் வைத்திருக்கும் முப்பது பேருக்கு மனஅழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை அரை மணி நேரம் தோட்ட வேலையும் மற்றவர்களை வீட்டுக்குள் வாசிப்பும் செய்ய வைத்தார்கள். அழுத்தத்தின்போது உடம்பில் ஏறும் கார்டிசால் இரண்டு தரப்புக்கும் இறங்கியது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. நான் வாசிக்கப் பிடித்தவள், அதனால் இந்த முடிவு எனக்கு லேசில் ஒப்பவில்லை. ஆனால் என் மாலைகளை நினைத்துப் பார்த்தால் உண்மைதான். புத்தகத்தைத் திறந்தாலும் அலுவலகம் கூடவே வரும். களை பிடுங்கும்போது வருவதில்லை. கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் களைக்குப் பதில் நாற்று கையோடு வந்துவிடும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. எங்கள் மாடியில் அப்போது ஏழு செடி காய்ப்பில் இருந்தது. ஒரு காலத்தில் இந்தச் செய்தி கேட்டால் அப்பா அன்றிரவே வண்டி பிடித்திருப்பார். இப்போது ஒரு தூக்குப்போசியில் நிறையப் பறித்து, படியில் ஒவ்வொன்றாகக் காலை ஊன்றி இறங்கி, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "வெல ஏறிக் கெடக்குதாமா, பாவம், புள்ளைங்க இருக்கற வீடு" என்றார். அவர் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. நாற்பது வருஷம் சந்தை அவருக்குத் தராத ஒன்றை அன்றைக்கு அந்தத் தூக்குப்போசி தந்தது.

மாத்திரைகளை நிறுத்தவில்லை. ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, இரவில் மனச்சோர்வுக்கு ஒன்று, கடைசியாகச் சொன்னதை மருத்துவர் பாதியாகக் குறைத்திருக்கிறார். செடி வளர்த்தால் மருந்து வேண்டாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சட்டைப் பித்தான் போட இன்றைக்கும் அப்பாவுக்கு வராது, நான்தான் போட்டுவிடுகிறேன். பந்தல் கயிற்றில் சுருக்கு முடிச்சு போடுவார். இரண்டுமே விரல் வேலைதானே என்று கேட்டால் சிரிப்பார். அப்புறம் மயில். எங்கள் பகுதியில் மயில் தொல்லை நிறைய. ஒருமுறை ஒரே காலையில் இரண்டு தொட்டி முளைப்பயிரையும் மேய்ந்துவிட்டுப் போனது. அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகையாக வந்தது. அவர், "தின்னுட்டுப் போவுது, நாம என்ன கடன் வாங்கியா போட்டோம்?" என்று சொல்லிவிட்டு மறுபடி மணலில் விதையைக் கலக்க உட்கார்ந்தார்.

போன தை மாதம் கொடியில் விதைக்கென்று விட்ட நெற்றுகள் காய்ந்து சலசலத்தன. அப்பா அவற்றை உரித்து, முறத்தில் உலர்த்தி, சாம்பலில் புரட்டினார். எதிர்வீட்டு அக்கா மேலே வந்து, தனக்குக் கொஞ்சம் விதை கிடைக்குமா என்று கேட்டார். செய்தித்தாளைக் கிழித்து, பத்துப் பன்னிரண்டு விதையை வைத்து, இரண்டு கையாலும் பொட்டலம் மடித்தார். மடிக்க நேரமாயிற்று. ஓரம் இரண்டு முறை பிரிந்துகொண்டது. அந்த அக்கா சங்கடத்தோடு, "ஏனுங்கய்யா, காசு எவ்வளவு குடுக்கட்டுங்க?" என்றார்.

"காசா?" என்றார் அப்பா. "ஆடியில ஊனுங்க. பனி உழுந்தாப் பூக்கும். பூத்தா என்னையக் கூப்புட்டுக் காட்டுங்க."